ரதியின் புலம்பலுக்கு வந்த மானியம்

படிவம் நிரப்புவது எனக்குப் பிடித்த வேலை, பெரிய கிளாக்கர் ஐயா. எண்பத்திரண்டில் அந்த வெளிநாட்டுக் கலை மானியப் படிவம் வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது ஒரே மத்தியானத்தில் எழுதி முடித்தேன். ஒரு கேள்வியில் மட்டும் பேனா நின்றது. 'உங்கள் குழுவில் பெண்கள் எத்தனை பேர்?'

எங்கள் காமன் கூத்தில் பெண் வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். சிவன் காமனை எரித்ததும் அவன் மனைவி ரதி புலம்புவாளே, அதற்கும் மீசையை மழித்துக்கொண்டு அழகன்தான் வருவான். அதனால் ரதி வேஷம் கட்டச் சொல்லிக் காளியாயியைக் கேட்டேன். அவள் பாடினால் கொழுந்து பறிக்கிற மற்றவர்கள் கையை நிறுத்திவிடுவார்கள். அவள் புருஷன் ஆண்டியப்பன் முதலில் இந்தியாவுக்குப் போயிருந்தான். தன் கடவுச்சீட்டு வந்ததும் இவளும் போவதாக இருந்தாள். அதுவரை ஆடுகிறேன் என்றாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கடிதங்கள் பள்ளிக்கூட முகவரிக்கு வரும். வாத்தியார் என்பதால் நான் வாசித்துச் சொல்வேன்.

"என்னா சார் எழுதியிருக்காரு? எப்ப வரச் சொல்றாரு?"

"வீடு இன்னும் கட்டி முடியலையாம். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்றாரு."

அவன் எழுதியிருந்தது, உடனே கப்பலேறு என்று. ஒரு வரியைத்தான் மாற்றினேன். அவளுடைய கடவுச்சீட்டும் வந்தது. என் மேசை லாச்சியில் பூட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நீங்கள் பார்க்கலாம்.

பிறகு மானியக்காரர்கள் ஒத்திகை பார்க்க வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாவும், மொழிபெயர்க்கக் கொழும்பிலிருந்து டோரீன் என்ற பெண்ணும். பார்த்துவிட்டு டோரீன் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"எல்லாம் நல்லா இருக்கு மாஸ்டர். அந்த அழுகையிலதான் உயிரில்ல. ரெண்டு கிழமையில திரும்பி வருவோம்."

நியாயமான குறைதான். காளியாயி அழுவதற்கு என்ன இருந்தது? வீடு கட்டி முடிந்ததும் புருஷனிடம் போகப் போகிறவள். ஒரு வாரம் யோசித்தேன். ஆண்டியப்பனின் அடுத்த கடிதத்தை அவள் முன்னால் பிரித்து, அவன் மண்சரிவில் செத்துப்போனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியதுபோல் வாசித்தேன். அவள் பள்ளிக்கூட வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

"நான் இனிமே வேஷம் கட்டமாட்டேன் சார்."

"அவர் மொகத்தைக் கடைசியாக்கூட நீ பாக்கலையே காளியாயி. தோட்டமே கூடியிருக்கும்போது அவருக்காக ஒரு தடவை அழுதுடு."

அழுதாள். வெள்ளைக்கார அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமே மானியம் வந்தது. கூத்துக்குப் புதுத் தப்பு மேளம், மண்டபத்துக்குக் கூரைத் தகரம், லயத்துப் பிள்ளைகளுக்கு நடன வகுப்பு. நீங்களே வந்து திறந்துவைத்தீர்கள்.

ஆண்டியப்பன் கடிதம் போடுவதை நிறுத்தவில்லை. யாராவது வழியில் பிரித்துவிடக் கூடாதே என்று அவனுக்கும் எழுதினேன், காளியாயி காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று. நாலு வருஷம் நிம்மதியாக இருந்தது. இப்போது இரண்டாம் கலியாணத்துக்காக அவளுடைய மரணச் சான்றிதழ் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறான். நான் எதையும் மறுக்கவில்லை. எல்லாம் நான் செய்ததுதான்.

அவளிடம் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், தடுக்கமாட்டேன். ஆனால் பதினாலாம் திகதி மானியக்காரர்கள் அடுத்த மூன்று வருஷ மானியத்துக்காகப் பார்க்க வருகிறார்கள். பதினைந்தாம் திகதி சொல்லுங்கள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் அவளுக்கு அந்தப் புலம்பல் வராது. எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. இவ்வளவு பாடுபட்டு நடிக்கக் கற்றுக்கொண்டவள், அது வீணாகிவிடக் கூடாது.