கரவெட்டிக் குரல்

— இருக்க வரேல்லை மாஸ்ரர். தேத்தண்ணியும் வேண்டாம். ஓம் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பேப்பரிலை ‘கரவெட்டிக் குரல்’ எண்ட பேரிலை கடிதம் எழுதின தம்பிஐயா நீங்கள்தானே?

— பாருங்கோ தங்கச்சி, நீங்கள் ஆர், எங்கையிருந்து வாறியள் எண்டு முதல் சொன்னால்...

— உரும்பிராயிலையிருந்து வாறன். நல்லம்மா என்ரை பேர். ‘உரும்பிராய்க் கமக்காரன்’ எண்டு எழுதின மார்க்கண்டுவின்ரை பெண்சாதி. இப்ப விளங்குதோ?

— விளங்குது.

— ஆரப்பா வந்திருக்கிறது?

— பாலேசு, நீ உள்ளுக்கு இரு.

— ஏன், வந்த ஆளை நான் பாக்கப்படாதோ? வாருங்கோ தங்கச்சி. ஏன் வெய்யிலுக்கை நிக்கிறியள்?

— நீங்களும் இருந்து கேளுங்கோ அக்கா. உங்கடை மனிசன் என்ன செய்தவர் எண்டு கேளுங்கோ. எண்பத்தாறு பங்குனியிலை என்ரை மனிசன் பேப்பருக்கு ஒரு கடிதம் போட்டவர். பிள்ளையளை வெளிநாட்டுக்கு அனுப்புறதிலை பிழையில்லை, உயிரோடை இருந்தால்தானே பேந்து இந்த மண்ணுக்குத் திரும்பி வரலாம் எண்டு. வெங்காயத்துக்கு இறைச்சுப்போட்டு வந்து, கொப்பியிலை எழுதி வெட்டி, திருப்பி எழுதி, மூண்டு நாள் மினைக்கெட்டவர். அது அச்சிலை வந்த அண்டைக்குப் பேப்பரைச் சைக்கிள் கரியரிலை வைச்சுக் கொண்டுபோய்ச் சந்தை முழுக்கக் காட்டினவர். அடுத்த ஞாயிறு உங்கடை பதில் வந்தது. எனக்கு அது மனப்பாடம். ‘கப்பலேறுவோர் ஏறட்டும். எஞ்சியிருக்கும் நாங்கள் அவர்களுடைய கிணற்றையும் சேர்த்து இறைத்துக்கொள்கிறோம்.’ உவர்தானே எழுதினவர் அக்கா?

— பாருங்கோ, அது...

— நான் இன்னும் முடிக்கேல்லை மாஸ்ரர். அவர் அதுக்குப் பதில் எழுதினார். நீங்கள் திருப்பி எழுதினியள். கிழமைக்குக் கிழமை இதுதான். சனங்கள் பேப்பர் வாங்கினால் முதல் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினதுகள். சந்தையிலை அவரைக் கண்டால், என்ன கமக்காரன், கரவெட்டியான் உம்மை விழுத்திப்போட்டானாமே எண்டு கேட்டுச் சிரிப்பினம். சோத்துக்கு முன்னாலை இருந்தும் அந்த மனிசன் உங்களோடைதான் கதைக்கும். எனக்கு முன்னாலை தட்டு, வாயிலை கரவெட்டிக் குரல். முகம் தெரியாத ஒரு ஆள் எங்கடை வீட்டுக்கை வந்து குடியிருந்த மாதிரித்தான்.

— எனக்குத் தெரியும்.

— உங்களுக்கு என்ன தெரியும்? எனக்கு ஒரே பிள்ளை. குகதாசன். குகன் எண்டுதான் கூப்பிடுறது. இருபது வயது. ஏஜென்சிக்காரன் எல்லாம் சரிப்படுத்தி, ஆவணியிலை வெளிக்கிட நாளும் குறிச்சாச்சு. அந்த நேரம் பாத்து எழுதினியள். ‘கமக்காரன் ஐயா வாதாடுவது மண்ணுக்காக அன்று, மகனுக்காக. பயணப்பெட்டி கட்டியாயிற்றா ஐயா?’ ஊர் முழுக்க வாசிச்சது. அண்டைக்குப் பின்னேரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஏஜென்சிக்காரனிட்டைப் பாஸ்போட்டைத் திருப்பி வாங்கினவர். வந்து இருந்து எழுதினார், ‘என் மகன் எங்கும் போகமாட்டான், இனிக் கரவெட்டிக் குரல் வேறு கதை தேடட்டும்’ எண்டு. நான் காலைப் பிடிச்சுக் கேட்டன். பேப்பரிலை எழுதிக் குடுத்ததை மாத்த ஏலாதாம்.

— குகன் என்ன சொன்னவன்?

— அவன் என்னத்தைச் சொல்லுவான் மாஸ்ரர்? தேப்பனுக்கு எதிராய் ஒரு சொல்லுக் கதைச்சறியாத பிள்ளை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போட்டான். போன ஐப்பசியிலை இந்தியன் ஆமியோடை சண்டை வந்ததுதானே. எல்லாரும் கோயிலுக்கு ஓடினம். இறைக்கிற மிசினைக் கழட்டி உள்ளுக்கு வைச்சிட்டு வாறன் எண்டு நிண்டவன். கிணத்தடியிலை ஷெல் விழுந்தது. ஆர் அடிச்ச ஷெல் எண்டு எனக்குத் தெரியாது. அறிஞ்சும் நான் அவங்களை என்ன செய்ய ஏலும்? எனக்குக் கை எட்டக்கூடிய ஆள் ஒராள்தான் இருந்தது.

— இரு தங்கச்சி. கொஞ்சம் தண்ணியாவது குடி.

— வேண்டாம் அக்கா. நாலு மாதமாய்த் தேடினன். பேப்பர் கந்தோரிலை ஆசிரியர் பேரைச் சொல்லமாட்டன் எண்டிட்டார். அங்கை கூட்டித் துடைக்கிற லூர்த்தம்மாவும் ஒரு பிள்ளையைப் பறிகுடுத்தவ. அவதான் பழைய கடித உறையைப் பாத்து விலாசம் எழுதித் தந்தவ. போன கிழமை இஞ்சை வந்து சந்தியிலை விசாரிச்சன். உங்கடை மூத்தவர் எண்பத்தஞ்சிலையே ஜேர்மனிக்குப் போட்டாராம். மெய்யே மாஸ்ரர்?

— மெய்தான்.

— இண்டைக்குக் காலமை பேப்பர் கந்தோரிலை ஒரு கடிதம் குடுத்திட்டுத்தான் பஸ் ஏறினனான். வல்லைவெளியிலை ஆமிக்காரர் பஸ்ஸை மறிச்சு இறக்கிச் சோதிச்சவங்கள். நான் அதிலை நிண்டும் அந்தக் கடிதத்தைத்தான் மனதுக்கை திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தன். ‘ஊரார் பிள்ளைகளைப் போகவிடாமல் எழுதிய கரவெட்டிக் குரலின் பெயர் தம்பிஐயா. இளைப்பாறிய ஆசிரியர். அவருடைய மகன் ஜேர்மனியில் இருக்கிறார். என் மகன் மண்ணுக்குள் இருக்கிறான்.’ கீழே என்ரை பேர், விலாசம். நானாய்க் கண்டுபிடிச்சு, என்ரை பேரையும் போட்டுக் குடுத்தபடியால் போடுறன் எண்டு பேப்பர் ஆசிரியர் சொன்னவர். ஞாயிற்றுக்கிழமை வரும்.

— வரட்டும்.

— மறுத்து எழுதமாட்டியளோ? உங்களுக்குத்தானே எழுத்துக் கைவந்தது.

— எழுதமாட்டன். பாருங்கோ தங்கச்சி, நான் உங்களிட்டை மன்னிப்பு...

— கேக்காதேங்கோ. நான் அதுக்கு வரேல்லை. நீங்கள் வாசிகசாலைக்குப் போனால் மற்றவை எழும்பிப் போகவேணும். உங்களிட்டைப் படிச்ச பெடியள் உங்களைக் கண்டு சைக்கிளைத் திருப்பவேணும். என்ரை மனிசன் சந்தையிலை நிண்டமாதிரி நீங்களும் நிக்கவேணும். அதை நேரை சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனான்.

— காணும் தங்கச்சி, நிப்பாட்டுங்கோ. உவர் வாய் திறக்கமாட்டார். நான் சொல்லுறன்.

— பாலேசு, வேண்டாம். அவனுக்கு வாக்குக் குடுத்தனான்.

— செத்தவனுக்குக் குடுத்த வாக்கைக் காக்க உயிரோடை இருக்கிற நாங்கள் ஊரிலை தலை குனியிறதோ? உவர் ஒரு வரியும் எழுதேல்லைத் தங்கச்சி. எழுதினது முழுக்க உங்கடை குகன்.

— செத்த பிள்ளையிலை பழி போடாதேங்கோ அக்கா. உங்கடை நாக்கு அழுகிப்போம்.

— அவன்ரை கையாலை எழுதின கடிதம் எல்லாம் அலுமாரியிலை கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன், நீங்களே பாருங்கோ.

— மாஸ்ரர், அக்கா என்ன சொல்லுறா?

— நான் யாழ்ப்பாணத்திலை ரியூசன் குடுத்த நாளிலை குகன் என்னட்டைத் தமிழ் படிச்சவன். தேப்பன்ரை கடிதம் பேப்பரிலை வந்த அண்டைக்கு மத்தியானம் இஞ்சை சைக்கிளிலை வந்தான். எனக்குப் போக விருப்பமில்லை மாஸ்ரர், ஐயாவுக்கு முன்னாலை நிண்டால் வாய் வருகுதில்லை, பேப்பரிலை எழுதினால் வாசிப்பார் எண்டான். பேர் விலாசம் இல்லாத கடிதம் போடமாட்டினம். அதாலை என்ரை பேரைக் கேட்டான். குடுத்தனான். அவன் எழுதிக்கொண்டு வருவான், நான் என்ரை கையெழுத்திலை பாத்தெழுதித் தபாலிலை போடுவன். என்ரை மகன் ஜேர்மனியிலை எண்டு அவனுக்குத் தெரியும். உங்களையும் சேத்துத்தான் மாஸ்ரர் ஏசியிருக்கிறன் எண்டு சொல்லிச் சிரிச்சவன். நான் அதையும் பாத்தெழுதினனான்.

— இந்தாங்கோ. பதினாலு கடிதம்.

— குடுங்கோ இஞ்சை.

— வாசிச்சுப் பாருங்கோ தங்கச்சி.

— வாசிக்கத் தேவையில்லை. அவன் இடக்கையாலை எழுதிறவன். எழுத்தெல்லாம் இப்பிடித்தான் பின்னுக்குச் சாஞ்சு விழும்.

— இனியாவது நம்புறியளோ?

— நம்புறன். மாஸ்ரர், நீங்கள் ஒருநாள் பஸ் ஏறி உரும்பிராய்க்கு வந்து எங்களிட்டைச் சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருக்கலாம்.

— ஐயா, உங்கடை பிள்ளைதான் எழுதுறான், கூப்பிட்டு இருத்திக் கதையுங்கோ எண்டு அவரிட்டை ஒரு சொல்லு. அவை ரெண்டுபேரும் ஒரு பாயிலை இருந்து சாப்பிட்டவை.

— ஓம். நானும் அந்தக் கடிதங்களுக்கு ஆசைப்பட்டிட்டன் நல்லம்மா. ஊர் முழுக்க வாசிக்குது எண்டு எனக்கும் ஒரு புழுகம், பெருமை. அடுத்த கிழமை சொல்லுவம் எண்டு இருந்திட்டன்.

— என்ரை மனிசன் இப்பவும் எழுதுறார், தெரியுமோ? பேப்பருக்கு இல்லை, கொப்பியிலை. ‘கரவெட்டிக் குரலே, நீ என் பிள்ளையைத் தின்றாய்’ எண்டுதான் தொடங்குறது. அதை எழுதத்தான் விடிய எழும்புறார். அந்தக் கோவத்திலைதான் ரெண்டு வாய் சோறு இறங்குது. கரவெட்டிக் குரல் ஆரெண்டு அறிஞ்சால் அந்த மனிசன் ஒருநாள் தாங்காது.

— அவர் அறியவேண்டாம். நீங்கள் போற வழியிலை கந்தோரிலை அந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்குங்கோ. இது எங்கள் மூண்டு பேரோடையும் இருக்கட்டும்.

— அது வராட்டில் அவர் என்னைக் கேப்பார் அக்கா. விலாசம் கண்டுபிடிச்சிட்டன், ஞாயிற்றுக்கிழமை பேர் வரும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். நாலு மாதத்துக்குப் பிறகு இண்டைக்குக் காலமைதான் என்ரை முகத்தைப் பாத்தவர். உங்கடை அடுப்பு எரியுதோ?

— எரியுது. ஏன் தங்கச்சி? எங்கை போறியள்? உதுகளை நெருப்பிலை போடாதேங்கோ. இஞ்சாருங்கோ, வந்து மறியுங்கோவன்.

— நல்லம்மா, அது அவன்ரை கையெழுத்து. ஒண்டையாவது வைச்சிருங்கோ.

— எனக்கும் ஆசைதான் மாஸ்ரர். வீட்டிலை ஒளிச்சு வைக்க ஏலாது. அவர் காணுவார்.

— பதினாலும் போச்சு. இனி ஞாயிற்றுக்கிழமை பேப்பரிலை வந்தால் நாங்கள் ஊருக்கு என்னத்தைக் காட்டுறது? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ தங்கச்சி. எழுதினது ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்தானே?

— தெரியும் அக்கா. தம்பிஐயா மாஸ்ரர்.