இளஞ்சிவப்பு அட்டை

என் பெயர் ஹேரத் முதியன்சலாகே சுனேத்ரா. வயது 34. திருமணமாகவில்லை. குருநாகல் மாவட்டம் மீகஸ்வெவ கிராமத்தில் தாயாருடன் வசிக்கிறேன். அதே ஊர் உப தபால் நிலையத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். பொலிஸில் என் மேல் புகார் கொடுத்த முறைப்பாட்டாளர் புத்திக பண்டாரவை எனக்குத் தெரியும். ஆறு வருடங்களுக்கு முன்பு எங்கள் இருவருக்கும் திருமணம் பேசி முடித்திருந்தார்கள்.

அதன் பிறகு இருவரும் வைத்தியசாலையில் இரத்தம் கொடுத்துப் பரிசோதித்தோம். இருவருக்கும் இளஞ்சிவப்பு அட்டை கிடைத்தது. அது தலசீமியா என்ற பரம்பரை நோயை இரத்தத்தில் சுமப்பவர்களுக்குக் கொடுப்பது; சுமக்காதவர்களுக்குப் பச்சை. சுமப்பவருக்கு ஒரு குறையும் இராது. அப்படி இருவர் சேர்ந்தால்தான், பிறக்கும் பிள்ளைக்கு மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். அதன் பிறகு பஸ் தரிப்பிடத்தில் வைத்து புத்திக, "வேற சோதிடர் பாத்ததுல ஜாதகம் பொருந்தலன்னு வீட்ல சொல்லிடுவோம். இது வெளியில தெரிஞ்சா நாளைக்குத் தங்கச்சியை எவன் கட்டுவான்?" என்றார். நான் சம்மதித்தேன். அன்று அவர் நீலக் கோடு போட்ட சட்டை அணிந்திருந்தார். அது விசாரணைக்குத் தேவையில்லை என்று சார்ஜன்ட் சொல்கிறார். சொல்லிவிட்டேன், இருக்கட்டும்.

கடந்த மாதம் 4ஆம் திகதி அவருடைய தங்கை தில்ருக்ஷி தன் திருமண அழைப்பிதழ்களைத் தபாலில் சேர்க்க வந்தார். "அக்கா, உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. கையிலயே தந்துடுறேன், முத்திரைக் காசு மிச்சம்" என்று சிரித்தார். மாப்பிள்ளை இராணுவத்தில் இருப்பதாகவும் அவருக்கு இளஞ்சிவப்பு அட்டை என்றும் மறைக்காமல் சொன்னார். நீ பரிசோதித்தாயா என்று கேட்டேன். "நான் எதுக்கு? அண்ணனுக்குப் பச்சை அட்டைதானே. நம்ம குடும்பத்துல அதெல்லாம் இல்லன்னு அண்ணனே சொன்னாரு" என்றார். அதன் பிறகு அழைப்பிதழ்கள் அத்தனைக்கும் முத்திரை குத்தி அன்றைய பையிலேயே அனுப்பினேன். கடமையில் குறை வைக்கவில்லை.

அதன் பிறகு புத்திகவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எனக்கு மனப்பாடமாக இருந்த இலக்கத்தில் இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். ஆகவே மறுநாள் கடிதம் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்த பிறகு, "தங்கச்சியிடம் நீங்களே சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டி வரும்" என்பது மட்டும் மிஞ்சியது. பதிவுத் தபாலில் அனுப்பினேன். அவர் கையொப்பமிட்டு வாங்கியிருக்கிறார். அவர் கையொப்பம் உள்ள அந்தச் சீட்டைச் சாட்சியமாகக் கேட்கிறார்கள். பிரதி எடுத்துத் தருகிறேன், அசலைத் தர முடியாது.

பத்து நாட்கள் பொறுத்தேன். பதில் வரவில்லை. அதன் பிறகு 16ஆம் திகதி தில்ருக்ஷியைத் தபால் நிலையத்துக்கு அழைத்து, அண்ணனின் அட்டை இளஞ்சிவப்பு என்று சொன்னேன். வேறு ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர், "அப்போ ஜாதகம்னு சொன்னது?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு பரிசோதித்ததில் அவருக்கும் இளஞ்சிவப்பு. திருமணம் நின்றுவிட்டது.

பழி தீர்ப்பதற்காகச் சொன்னீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை. அவருடைய அட்டையைப் பற்றிப் பேச எனக்கு உரிமையில்லை என்று அவர் முறையிட்டிருப்பது நியாயம்தான். ஆனால் தெரியாமலே அந்தப் பெண் பிள்ளை பெற்று, மாதாமாதம் வைத்தியசாலை வாசலில் நிற்பதை நான் பார்த்துக்கொண்டு இருந்திருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தில்ருக்ஷியின் பரிசோதனை முடிவு தெரிந்த அன்றிலிருந்து மூன்று நாட்கள் விடுமுறை எடுத்தேன். தாயாரைச் சித்தி வீட்டுக்கு அனுப்பினேன். திட்டுவதற்காவது புத்திக வருவார் என்று நினைத்தேன். தலைக்குக் குளித்து, கதவைத் திறந்துவைத்து, முன் அறையிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் ஒரு கான்ஸ்டபிள் வந்தார்.

இதை எனக்கு வாசித்துக் காட்டிய சார்ஜன்ட், "அந்த லீவு விஷயம் உங்களுக்கே பாதகமா போகும், மிஸ். வெட்டிடலாமா?" என்று கேட்டார். முறைப்பாட்டாளர் இதை வாசிப்பாரா என்று கேட்டேன். பிரதி கேட்டால் கொடுப்போம் என்றார். அப்படியானால் ஒரு சொல்லையும் வெட்ட வேண்டாம். சொன்னதெல்லாம் உண்மை, யாரும் வற்புறுத்தவில்லை, விளங்கித்தான் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) எச். எம். சுனேத்ரா