பெயர் சொல்லாத அர்ச்சனை

வேணாம் தம்பி, சேரெல்லாம் வேணாம். இந்தக் கல்லு மேலயே ஒக்காந்துக்கறேன். அய்யனாருன்னுதான சொன்னீங்க ஒங்க பேரு? நல்ல பேரு. நான் சிதம்பரத்துலேருந்து வரேன், காலைல ஆறரை பஸ்சு. எங்க வீட்டுக்காரருகிட்ட திருவந்திபுரம் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பெருமாள் மன்னிச்சுக்குவாரு.

ஆமா, இந்த ஸ்கேட்டிங் பார்க்கு இருக்கே, இதத்தான் பாக்க வந்தேன். இத கட்டுற ராஜ்கமலு எம் புள்ள. அட, ஒக்காருங்க தம்பி, நான் என்ன கலெக்டரா? வாட்ச்மேனு நீங்க வெரட்டிடுவீங்களோன்னு நான்ல பயந்துகிட்டு நின்னேன்!

பணியாரச் சட்டிய பெருசா பண்ணி பூமில பதிச்சாப்புல இருக்கு. சக்கரம் வெச்ச பலகைல நின்னுகிட்டு பசங்க இதுல சர்ருன்னு எறங்கி அந்தாண்ட ஏறுமாமே? எம்மக இலக்கியா போன்ல காமிச்சா. அண்ணன் கடலூர்லதாம்மா இருக்கு, பீச் ரோட்டுல வேல நடக்குதுன்னு அவதான் சொன்னா.

எத்தினி நாளா இருக்கான்? நாப்பது நாளா...

ஒரு மணி நேரந்தான் தம்பி சிதம்பரம்.

என்னது, கையாலயா? இம்மாம் பெரிய பள்ளத்த பூராவும் தடவிப் பாப்பானா? ஆமாமா, ஒரு பொடிக்கல்லு துருத்திகிட்டு நின்னாலும் சக்கரம் மாட்டி புள்ளைங்க விழுந்துடும்ல. சின்னதுலயே எதையும் தொட்டுப் பாத்தாதான் நம்புவான். சிமெண்டு கைய அறுக்குமே, தேங்கா எண்ண தடவிக்கச் சொல்லுங்க.

போட்ட வளைவ ஒடச்சானா? ஏன், நல்லாத்தான இருந்திருக்கும்? வளைவு கொஞ்சம் தூக்கலாப் போச்சா. அதுக்குன்னு ஒரு வார வேலைய... தப்பாப் போனா இடிச்சுட்டு மறுபடி போட வேண்டியதுதான்னு சொன்னானா. கோவமா சொன்னானா தம்பி, சும்மா சொன்னானா?

சிரிச்சுகிட்டேவா. ம்.

தெனமும் எங்க தெருக் கோயில்ல அவனுக்கு அர்ச்சன பண்றேன். பூரட்டாதின்னு நட்சத்திரம் மட்டுந்தான் சொல்லுவேன். பேரு கேட்டாங்கன்னா, சாமி பேருக்கே பண்ணுங்கன்னுடுவேன். அது... அப்படித்தான் தம்பி.

பைக்கு சத்தமா? அவனா? நான் கெளம்புறேன். அந்தப் பக்கமா வழி இருக்கா? இந்தாங்க, இதுல புளிச்சோறு இருக்கு. யாரு குடுத்ததுன்னு சொல்லிடாதீங்க, ஒங்க வீட்டுல செஞ்சதுன்னு குடுத்துடுங்க.

வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா திட்டுவாரேன்னு பயமா? அய்யய்யோ, அவரப் போயி தப்பா நெனைச்சுட்டீங்களே. ஏழு வருஷத்துக்கு முன்ன இவன் ஷஹனாஸுங்கற பொண்ண கட்டிகிட்டு, மாலையும் கழுத்துமா ரெண்டு பேரும் வாசல்ல வந்து நின்னாங்க. உள்ள வாங்கன்னுதான் அவரு கூப்பிட்டாரு. எனக்குப் புள்ளயே இல்ல, தலை முழுகிட்டேன்னு அவுங்க கண்ணு முன்னாடியே ஒரு கொடத்துத் தண்ணிய தலையில ஊத்திக்கிட்டது நான்தான் தம்பி.