மூன்றாம் ஞாயிறு வாசிக்கவில்லை

— இறங்கமாட்டன் றஜீபண்ணை. ஓட்டோவைத் திருப்புங்கோ. நேர ஃபாதரிட்டைப் போகவேணும்.

— சாட்டிக் கடற்கரைக்கு வந்தாச்சு ஜொய்சி. ஃபாதர் இப்ப எழுவைதீவுப் பூசைக்கு வள்ளம் ஏறியிருப்பார். இறங்கும். கொஞ்சம் காத்துப்படட்டும்.

— காத்தாம் காத்து! கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பாத்தது. மேர்சி, நீயும் வாயைத் திறக்காமல் வாறாய். ரெண்டு ஞாயிறு வாசிச்ச மனுசன். சுஜிதனுக்கும் ஜொய்சிக்கும் கலியாணம், ஆருக்கும் தடை தெரிஞ்சால் வந்து சொல்லுங்கோ எண்டு. இண்டைக்கு மூண்டாம் தரம். மற்றச் சோடியின்ரை பேரை வாசிச்சார், பேப்பரை மடிச்சார், போய்க் கதிரையில இருந்திட்டார்!

— மறந்திருப்பாரடி.

— மறந்தவரோ? பூசை முடியப் போய்க் கேட்டனான். பின்னேரம் சுஜிதனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ பிள்ளை எண்டார். என்ரை முகத்தைப் பாக்கேல்லை. சுஜிதன் ஃபோன் எடுக்கிறானில்லை. நாசமாப்போன ஆரோ போய்த் தடை சொல்லியிருக்கு!

— முதல் இந்தப் பாயில இரு. புட்டும் நண்டுக்கறியும் கொண்டுவந்தனான்.

— உன்ரை புட்டைக் கொண்டுபோய்க் கடல்ல கொட்டு! எனக்குத் தெரியும், அல்போன்சம்மாதான். தன்ரை மகளை சுஜிதனுக்குக் குடுக்க நிண்டவ. பூசையில ஃபாதரிட்டை நன்மை வாங்கிப்போட்டு வரேக்கை என்னைப் பாத்துச் சிரிச்சவ. பாத்தனியெல்லே?

— சத்தியமாச் சொல்லுறன் ஜொய்சி, அந்த மனிசி இல்லை. மடு மாதா கோயிலுக்குப் போய் உமக்கெண்டு செபமாலை வாங்கி வைச்சிருக்கிறா. பாவம், அவவைப் பேசாதையும்.

— அப்ப ஆர் றஜீபண்ணை? இல்லையெண்டு இவ்வளவு உறுதியாச் சொல்லுறீங்கள், ஆரெண்டு தெரியுமோ?

— நான்.

— என்னடி?

— நான்தான் ஜொய்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஃபாதரிட்டைப் போய்ச் சொன்னது நான்.

— விசரே மேர்சி உனக்கு? யாழ்ப்பாணம் வந்து என்னோட வெள்ளைச் சாறி எடுத்தனி! நாலு கடை ஏறி இறங்கி, முத்து வைச்ச கரைதான் வடிவெண்டு சொன்னது உன்ரை இந்த வாய்தானே?

— ஓம்.

— ஓமெண்டுறாள் பார்! எரிச்சலடி உனக்கு. முப்பது வயசாச்சு. வந்த சம்மந்தமெல்லாத்தையும் காரணமில்லாமல் தட்டினாய். கிளிநொச்சி மாஸ்டருக்கு என்ன குறை? அவரையும் வேண்டாமெண்டனி. இப்ப எனக்கொண்டு நடக்கப் போகுதெண்டவுடனை வயிறு எரியுது!

— ஜொய்சி, வார்த்தையைப் பாத்து விடும்.

— விடு றஜீபன், அவள் பேசட்டும். ஜொய்சி, சுஜிதன் ஏற்கெனவே எழுத்து முடிச்சவன்.

— என்ன எழுத்து?

— கலியாண எழுத்து. பதிவு. ஆறு வருசத்துக்கு முதல், யாழ்ப்பாணத்தில. பிரான்சுக்கு வெளிக்கிட முன்னம் எழுதினவன். போன கையோட எழுதினவளையும் அங்கை கூப்பிட்டு எடுக்கிறனெண்டான். ஏஜென்சிக்காரன் துபாயில விட்டிட்டு ஓடிட்டான். இவன் திரும்பி வந்தான். வந்த நாளில இருந்து அந்த எழுத்தைப் பற்றி ஒரு கதையில்லை. கோயில்ல கட்டேல்லைத்தானே, அது கலியாணமில்லையாம்.

— பொய்! அவன்ரை ஞானஸ்நானத் துண்டை ஃபாதரே பாத்தவர். ஒண்டுமில்லை.

— கோயில்ல கட்டினால்தான் அதில ஏறும். பதிவுக் கந்தோரில கிடக்கிறது ஃபாதருக்கு எப்பிடித் தெரியும்?

— எங்கடை சனம் எல்லாம் அப்பிடித்தானே ஜொய்சி நினைக்குது. எழுத்தெண்டால் விசாவுக்கு ஒரு துண்டு. தாலி ஏறினால்தான் கலியாணம். நானும் அப்பிடி நினைச்சுத்தான்...

— நினைச்சு? சொல்லுங்கோ றஜீபண்ணை. நினைச்சு?

— ...சாட்சிக் கையெழுத்து வைச்சனான்.

— ஐயோ, நீங்களுமோ? ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய இந்த மணலில வந்து குந்துறம். போன கிழமை கடல்ல குளிச்சுப்போட்டு வர, அந்த நல்லதண்ணிக் கிணத்தில அள்ளி என்ரை தலையில ஊத்தினீங்களே, கலியாணப்பொம்பிளைக்கு முழுக்காட்டெண்டு பகிடிவிட்டு! அப்பவும் உங்கடை ரெண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சுகொண்டு சிரிச்சனீங்கள்!

— நான் சிரிக்கேல்லை.

— நீ கதையாதை மேர்சி! கலியாணப் பேச்சுக்கால் நடந்த மூண்டு மாசமும் எங்கை போனனி?

— வாய் வரேல்லை. அது என்ரை பிழை. வேணுமெண்டால் அடி, வாங்கிறன். ஆனால் முதல் ஞாயிறு உங்கடை பேர் வாசிச்ச அண்டு பின்னேரமே சுஜிதனிட்டைப் போனனான். நீயாய் ஜொய்சியிட்டைச் சொல்லு, கோட்டில போய் விவாகரத்து எடு, அதுக்குப் பிறகு கட்டு எண்டனான். ஓம் ஓம் எண்டான். ரெண்டாம் ஞாயிறும் வாசிச்சுது. முன்வாங்கில இருந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அந்த வாங்கைத் தூக்கி அவன்ரை மண்டையில போடவேணும் போல கிடந்தது எனக்கு! கோட்டுக்குப் போனால் நீ அவன்ரை பெண்சாதி இல்லையடி. உனக்கொரு பிள்ளை பிறந்தால் அதுக்கு என்ன பதில் சொல்லுவாய்?

— எனக்குச் சட்டம் படிப்பிக்காதை. அவள் ஆர்? றஜீபண்ணை, சாட்சி வைச்சனீங்களெல்லே, பேரைச் சொல்லுங்கோ.

— என்னைக் கேளாதையும் ஜொய்சி. சத்தியமா என்ரை வாயால ஏலாது.

— சரி, சொல்லாதையுங்கோ. பின்னேரம் ஃபாதரிட்டைக் கேப்பன். மண்டைதீவோ இறுப்பிட்டியோ, எங்கையெண்டாலும் தேடிப் போய் அவளின்ரை வாசல்ல நிப்பன். சுஜிதனைப் பேந்து பாக்கிறன். முதல் அவள்! ஆறு வருசம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவளெல்லே? நான் கலியாணக் காட் அடிக்கேக்கை, சாறி எடுக்கேக்கை, ரெண்டு ஞாயிறு ஊர் கேக்க என்ரை பேரை வாசிக்கேக்கை நீ எங்கையடி இருந்தனியெண்டு, தலைமயிரைப் பிடிச்சுக் கேப்பன்!

— அதுக்கு நீ ஒரு வாசலுக்கும் போகத் தேவையில்லை ஜொய்சி.

— ஏன்? ஆள் இப்ப வெளிநாடோ?

— உனக்குப் பக்கத்திலதான் இருந்தனான். முத்து வைச்ச கரைதான் வடிவெண்டு சொல்லிக்கொண்டு.