தங்கப்பொண்ணின் ராஜினாமாக் கடிதம்

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் 'ழ'வை அழகாகச் சுழிக்கிறார், ஐயா. அவருக்குக் கை வலிக்காதபடி நான் நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என் பெயர் சுருளிநாதன். வயது முப்பத்தெட்டு. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீடு. பதினோரு வருடமாகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய் கர்சிவ் சொல்லிக்கொடுத்தேன். நாலு கோடு நோட்டில், பேனாவை எடுக்காமல், எழுத்தோடு எழுத்தைச் சேர்த்து எழுதுகிற முறை. தமிழையும் அதே ஓட்டத்தில் எழுதப் பழக்குவேன். ஒரு காலத்தில் வாரத்துக்கு ஆறு பள்ளிக்கூடம். இந்த ஜூனில், அதாவது இரண்டாயிரத்து மூன்றில், கடைசிப் பள்ளியும் என் பீரியடைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டது. தலைமையாசிரியை டீ வாங்கிக் கொடுத்து, "இனிமே யாரு சார் கையால எழுதப் போறா?" என்று கேட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

என் மனைவி தங்கப்பொண்ணு, பாதுஷாவின் டி.டி.பி. கடையில் வேலை பார்த்தாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ஜல்லிக்கட்டு போஸ்டர். கீபோர்டைக் குனிந்து பார்க்காமலே பத்து விரலாலும் அடிப்பாள். கையால் எழுதினால் மட்டும் கோழி கிளறின மாதிரி இருக்கும். அதை நான் சொல்லிக்காட்டியது கிடையாது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு நாலு கோடு நோட்டு வாங்கிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஆகஸ்டில் அவளுக்குச் சென்னையில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. "நீங்களும் கூட வந்திருங்க. அங்கன வச்சு உங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தாரேன். ஒரு மாசத்துல பழகிரலாம்" என்றாள். கனிவாகத்தான் சொன்னாள். மந்தமான பிள்ளைகளிடம் நான் பேசுகிற அதே குரல்.

இதற்காகவா என்று கேட்பீர்கள். கோபத்தில் செய்தது இல்லை, ஐயா. கோபம் இருந்தால் எழுத்து கோணிப் போகும். நான் யோசித்துத்தான் செய்தேன்.

"ராஜினாமா லெட்டரை டைப் பண்ணிக் குடுத்திருவேன், அஞ்சு நிமிசம்" என்றாள்.

"அஞ்சு வருசம் வேலை குடுத்த மனுசனுக்கு அஞ்சு நிமிசமா? கையால எழுதிக் குடு. அதுதான் மரியாதை."

"என் எழுத்து எம்புட்டு லட்சணம்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"நான் சொல்லித் தாரேன்."

இரண்டு வாரம் மறுக்காமல் உட்கார்ந்தாள். அவள் கையைப் பிடித்து எழுதவைத்தேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அத்தனை நெருக்கமாக உட்கார்ந்ததில்லை. ஒரு நோட்டு முழுக்க நிரம்பியது. எழுத்தும் ஆச்சரியமாகத் திருந்திவிட்டது.

கடித வாசகம் நான் சொன்னது. முதல் தாளில் பாதுஷாவின் பெயர், கடையின் பெயர், நன்றி. இரண்டாம் தாளில் இவ்வளவுதான்: 'இனிமேல் என்னால் தொடர முடியவில்லை. இது நானாக எடுத்த முடிவு. இதற்கு யாரும் காரணம் இல்லை. யாரும் வருந்த வேண்டாம். என் குறைகளை மன்னித்துவிடுங்கள். விடைபெறுகிறேன்.' கீழே அவள் கையெழுத்து.

எழுதி முடித்து ஒரு தடவை வாசித்துப் பார்த்தாள். "என்னங்க இது, சாகப் போறவ எழுதுன மாதிரில்ல இருக்கு" என்று சிரித்தாள்.

"கையால எழுதுனா அப்படித்தான். ஒரு கனம் வந்திரும்" என்றேன்.

திங்கட்கிழமை கடையில் கொடுப்பதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சோழவந்தானுக்கு, அவள் அப்பா அம்மாவிடம் சென்னை விஷயத்தைச் சொல்லப் போனோம். சாயங்காலம் நிதானமாகச் சொல்லலாம் என்று நான்தான் தடுத்து வைத்திருந்தேன். மதியம் சாப்பிட்டுவிட்டு அவர்கள் கண்ணயர்ந்த நேரத்தில் இருவரும் வெற்றிலைக் கொடிக்கால் பக்கம் நடந்தோம். கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள். "தண்ணி எம்புட்டு ஆழத்துல கெடக்கு, பாருங்களேன்" என்றாள்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. அவள் முதுகில் இரண்டு கையையும் வைத்தேன். பிள்ளைகளிடம் சொல்வேன், அழுத்தக் கூடாது, கை தன்போக்கில் ஓட வேண்டும் என்று. அந்த அளவுதான். இரண்டு தடவை என் பெயரைச் சொன்னாள். அதற்குமுன் அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

இரண்டாம் தாளைச் செருப்புக்கு அடியில் வைத்தேன். முதல் தாளை அன்று காலையிலேயே அடுப்பில் போட்டிருந்தேன். பிறகு வீட்டுக்குப் போய், "தங்கம் இங்கிட்டு வந்தாளா, மாமா?" என்று கேட்டேன்.

வந்த போலீஸ்காரர்கள் கடிதத்தையும் பயிற்சி நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சந்தேகமே வரவில்லை. அடித்த தாளாக இருந்திருந்தால் ஆயிரம் கேள்வி வந்திருக்கும். கையெழுத்துக்கு இந்தக் காலத்திலும் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. துக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் அதைத்தான் நினைத்தேன்.

கையால் எழுதிய ராஜினாமா பிடிக்காமல், தங்கப்பொண்ணு சனிக்கிழமையே கடையில் அதை ரகசியமாக டைப் செய்து வைத்திருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. நேற்று பாதுஷா தன் கம்ப்யூட்டரில் அதைப் பார்த்துவிட்டு, அச்செடுத்து உங்களிடம் கொண்டுவந்திருக்கிறார். அதே வாசகங்கள், மேலே அவர் பெயரோடு. அதன்பின் நான் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. ஆமாம், தங்கப்பொண்ணைத் தள்ளிவிட்டது நான்தான்.

கடைசியில் நான் சொல்லாத இரண்டு வரியை அவளாகச் சேர்த்திருக்கிறாள். அதை எனக்கு வாசித்துக் காட்டி, ஃபாண்ட் என்றால் கம்ப்யூட்டரில் வருகிற எழுத்து வடிவம் என்றும் சொன்னீர்கள். 'சென்னையில் ஃபாண்ட் செய்யக் கற்றுத் தருவார்கள், அண்ணே. முதல் வேலையாக என் வீட்டுக்காரர் கையெழுத்தை ஃபாண்டாகச் செய்து உங்களுக்கு அனுப்புவேன்.'

நீங்கள் அந்த வரிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஐயா. மனசார நினைத்திருந்தால் கையால் எழுதியிருப்பாள்.