வளைவில் கிடந்த வாலபி

பிசாசுகள் சாப்பிடும்போது போடும் சத்தத்தை நீங்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும், ஐயா. சிட்னியிலிருந்து டாஸ்மேனியாவுக்கு வந்து இத்தனை நாளாகியும் எங்கள் சரணாலயத்தைப் பார்க்காத போலீஸ்காரர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். பிசாசு என்றால் பேயில்லை; நாய்க்குட்டி அளவுக் கறுப்புப் பிராணி, வயிற்றுப் பையில் குட்டி சுமக்கும். ஒரு தொடைக் கறிக்கு ஊரையே கூட்டிவிடும். அவற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

கங்காருவுக்குத் தம்பி மாதிரி இருக்கும் வாலபி சாலையில் அடிபட்டுக் கிடந்தால், எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் வண்டியை நிறுத்தி, வாலைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போடுவோம். இல்லாவிட்டால் அதைத் தின்ன வரும் பிசாசும் அடிபட்டுச் சாகும். சரணாலயத்தை நடத்தும் லயோனல் பாஸ்கோ, வருகிறவர்களுக்கெல்லாம் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் போன வருஷம், மரம் ஏற்றிய லாரிகள் வரும் வளைவில் ஒன்று கிடந்தபோது அவன் இறங்கவில்லை. ஜீப்பில் டிவிக்காரர்கள் இருந்தார்களாம். என் கணவர் டெஸ்ஸுக்குப் போன் செய்தான்.

"நீதான்ப்பா பக்கத்துல இருக்கே. ஒரு எட்டு போய் இழுத்துப் போட்டுரு."

டெஸ் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அந்த வளைவில் லாரிக்காரருக்கு ஆள் தெரியாது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிசாசுகளுக்காக உயிரைக் கொடுத்தவர் டெஸ் என்று லயோனல் சவ அடக்கத்தில் பேசினான். அவர் கொடுக்கவில்லை, இவன் வாங்கிக்கொண்டான். அத்தோடு விட்டானா? ஒரு ஆண் பிசாசுக்கு டெஸ் என்று பெயர் வைத்தான். தினமும் சாயங்காலம், "பாருங்க, கறித்துண்டுக்கு டெஸ் எப்படி அடிச்சுக்கறான்னு" என்பான். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் சிரிக்கும். நான் அங்கேயே இறைச்சி வெட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். எல்லோரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்றார்கள்.

டீகன் என்றொரு சின்னப் பெண் என்னோடு வேலை பார்த்தாள். "நோரீன் அக்கா, நீங்க சுட்ட கேக்கைப் போட்டா பிசாசுக்கே பல்லு போயிடும்" என்பாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது துண்டை எடுப்பாள்.

தீவனத்துக்கு வைத்திருந்த வாலபி ஒன்றை, லயோனல் வரும் நேரம் பார்த்து அதே வளைவில் போட்டேன். காரை மரங்களுக்குள் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஜீப் நின்றது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "நீ இறங்கி இழுத்துப் போடும்மா" என்றான். இறங்கியது டீகன். லாரி மேடேறும் சத்தம் கேட்டது. என் கை ஹாரனில்தான் இருந்தது. அடித்தால் நான் இருப்பது லயோனலுக்குத் தெரிந்துவிடும்.

விபத்து என்று எழுதி உங்கள் ஆட்கள் முடித்துவிட்டார்கள்.

லயோனல் இடிந்துபோனான். "இனிமே அந்த வளைவுல வேற யாரும் இறங்கக் கூடாது. நானே பாத்துக்கறேன்" என்று எல்லோர் முன்னாலும் அழுதான். அதற்கப்புறம் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. இன்னொரு வாலபியைப் போட்டேன். இந்த முறை அவனே இறங்கி வாலைப் பிடித்தான். சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.

லயோனலைக் கொன்றது நான்தான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். டீகனை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள், ஐயா. அன்றைக்கே அவன் இறங்கியிருந்தால் அந்தப் பெண் உயிரோடு இருந்திருப்பாள்.