கடைசி ஸ்டாப் கலங்கரை விளக்கம்

— இறங்கித் தள்ளுங்க அத்தை! இந்த மேட்டுல மிதிக்காதீங்க, ஆபரேஷன் பண்ணின முட்டி அது!

— கையை எடுங்க மாப்பிள்ளை. யாராவது சைக்கிள் சீட்டைப் பிடிச்சாலே ஆட்டம் செல்லாதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க?

— நான் எங்க சொன்னேன், உங்க பொண்ணு சொன்னா. நான் வெறும் நடுவர்.

— நடுவருக்கு இப்படி மூச்சு வாங்கக் கூடாது. வழி விடுங்க, வழி விடுங்க... ஏறிட்டேன்! கோட்டை ஸ்டாப்! கோட்டை இறங்கறவங்கல்லாம் இறங்குங்க!

— அத்தை, மெதுவா! போட்டோ எடுக்கறவங்கல்லாம் திரும்பிப் பாக்கறாங்க.

— பாக்கட்டுமே. ரிட்டயர் ஆனா கண்டக்டர் தொண்டை போயிடுமா? பஸ்ஸுல நின்னு நின்னு தேஞ்ச முட்டி இது. உக்காந்து மிதிக்கக் கசக்குமா?

— லாஜிக்கலா யோசிங்க. நான் பல்லு டாக்டர்தான், ஆனாலும் சொல்றேன். போன மாசம் உங்க வீட்டு மாடிப்படியில பாதியில உக்காந்துட்டீங்க. அதனாலதானே அந்த வீட்டை வித்துட்டு எங்களோட வந்துடுங்கன்னு கெஞ்சறோம்? உங்களுக்குன்னு ஒரு ரூமே ஒதுக்கியாச்சு.

— பாத்தேன். துணி காயப்போடற ரூம்.

— ஜன்னல் இருக்கு அத்தை.

— இருக்கு. திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. அதை விடுங்க. இருட்டறதுக்குள்ள நான் போய்க் கலங்கரை விளக்கத்தைத் தொட்டுட்டா விக்கற பேச்சே கிடையாது. தொடலைன்னா பத்திரத்துல கையெழுத்து. அதானே பேச்சு?

— அதான் பேச்சு. ஆனா பாதி வழிகூட வரலை நாம.

— கல்பாலம் வந்தாச்சு, பாதியாவது கீதியாவது! அந்தக் காலத்துல குதிரைப்படை போன பாலமாம், போர்டு போட்டிருக்கான். இப்ப நம்ம படை போகுது. போலாம் ரைட்!

— ஐயோ, நில்லுங்க! எனக்குத் தொடை பிடிச்சுக்கிச்சு!

— அட கடவுளே. உக்காருங்க, காலை நீட்டுங்க. ம், வாயைத் திறங்க.

— வாயை எதுக்கு?

— தண்ணி ஊத்தத்தான். உங்ககிட்ட பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி முழிக்காதீங்க.

— நீங்க போங்க அத்தை. வெயில் இறங்குது. எனக்காக நின்னீங்கன்னா வீடு போயிடும்.

— நடுவர் இல்லாம தொட்டேன்னா என் பொண்ணு நம்புவாளா? எழுந்திரிங்க, உங்க சைக்கிளை எடுங்க. எதிர்காத்து, நான் முன்னாடி போறேன். என் முதுகைப் பாத்துக்கிட்டே ஒட்டிக்கிட்டு வாங்க.

— உங்களுக்கு வலிக்கலையா?

— வலிக்காம? உயிர் போகுது. ஆனா மடங்கி மடங்கி நிமிருது மாப்பிள்ளை! பயந்து பயந்து நடந்த காலா இதுன்னு எனக்கே ஆச்சரியமா இருக்கு. மாவு ஆலை! மாவு ஆலை ஸ்டாப்! வண்டி நிக்காது, தாவி ஏறிக்கோங்க!

— அத்தை! அதோ, வெள்ளையா... அதானே?

— அதேதான்! விளக்கு இன்னும் போடலை!

— அப்போ மிதிங்க! விட்டுடாதீங்க, மிதிங்க!

— நடுவர் கட்சி மாறிட்டாரு போலிருக்கே?

— நடுவராவது மண்ணாவது! அந்தச் சரிவுல பிரேக்கைத் தொடாதீங்க! வழி விடுங்கய்யா, எங்க அத்தை வர்றாங்க!

— தொட்டுட்டேன்! மாப்பிள்ளை, தொட்டுட்டேன்! வெயில்ல சுவரு சுடுது!

— எனக்கு அழுகையா வருது அத்தை.

— அழுங்க, வெக்கம் என்ன? நானும் அழுதுக்கிட்டுதான் இருக்கேன்.

— இருங்க, உங்க பொண்ணுக்கு போன் போடறேன். அத்தை ஜெயிச்சுட்டாங்க, வீட்டை விக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்லிடறேன்.

— ஜெயிச்சுட்டேன்னு சொல்லுங்க. வீட்டை வித்துடலாம்னும் சொல்லுங்க.

— என்னது?

— உங்க மாமா போனதிலேருந்து அந்த வீட்டுல எனக்கே மனசு ஒட்டலை. ஆனா முடியாதவன்னு சொல்லி நீங்க விக்கறது வேற, நானா விக்கறது வேற.

— அப்போ எங்களோட வந்துடறீங்களா?

— அங்க துணியே காயட்டும். எதிர்ல அந்தப் பழைய சுங்கக் கட்டடம் தெரியுதுல்ல? ஆத்தைப் பாத்த மாதிரி ஒரு போர்ஷன், வாடகைக்குப் பேசி முடிச்சுட்டேன்.

— எது, கீழ் போர்ஷனா?

— மூணாவது மாடி மாப்பிள்ளை. லிஃப்ட் கிடையாது.